ஆள் இல்லாதவருக்கு யார் ஆள்?

(வானொலி மறையுரையின் எழுத்து வடிவம்)



யோவான் நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரம் நம்மை எருசலேமின் ஆட்டு வாயிலுக்கு அருகிலுள்ள பெத்சதா குளத்திற்கு அழைத்துச் செல்கிறது. அதன் ஐந்து மண்டபங்களிலும் நோயாளர் பலர் படுத்துக் கிடக்கின்றனர். தண்ணீர் கலங்கும்போது முதலில் இறங்குபவர் குணமடைவார் என்பது மக்களின் நம்பிக்கை. காத்திருப்பவர் பலர், குணம் கிடைப்பதோ ஒருவருக்கு. அங்கே 38 ஆண்டுகளாய் உடல்நலமற்றுக் கிடந்த ஒருவரைப் பார்த்து, நலம்பெற விருப்பமா என்று ஆண்டவர் கேட்கிறார். அந்த மனிதர் அதற்கு நேரடியாகப் பதில் சொல்லவில்லை. தண்ணீர் கலங்கும்போது தம்மைக் குளத்தில் இறக்கிவிட ஆள் இல்லை என்றும், தாம் போய்ச் சேருவதற்குள் வேறொருவர் இறங்கிவிடுகிறார் என்றும் சொல்கிறார்.

ஆள் இல்லை என்ற சொல்லின் கனம் நமக்குத் தெரியும். தாலுகா அலுவலகம், கல்லூரிச் சேர்க்கை, பெரிய மருத்துவமனை என்று எங்கே போனாலும், அங்கே நமக்குத் தெரிந்த ஆள் யாராவது இருக்கிறார்களா என்றுதான் முதலில் விசாரிக்கிறோம். ஆள் இருந்தால் வேலை நடக்கும். இல்லாவிட்டால் வரிசையில் நிற்க வேண்டும். சாதாரண நாளில் இதனால் ஒருவருக்குக் காலதாமதம் ஆகும். கொள்ளைநோய்க் காலத்தில், மருந்து குறைவாயிருக்கும்போது, உயிரே போகலாம். ஆகவே, ஃப்ளூ காய்ச்சல் பரவும்போது தடுப்பூசி எல்லாருக்கும் போதாவிட்டால் அதை யாருக்கு முதலில் கொடுப்பது என்ற கேள்வியை இன்று நாம் சிந்திப்போம். மருத்துவர்களும் அரசும் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடக்கூடிய கேள்வி அல்ல இது. வரிசையில் நிற்கப்போவது நாம்தான்.

முதலில், தட்டுப்பாடு ஏன் வருகிறது என்று பார்ப்போம். ஃப்ளூ கிருமி அடிக்கடி தன்னை மாற்றிக்கொள்ளும். போன ஆண்டுத் தடுப்பூசி இந்த ஆண்டுக்குப் போதாது. உலகில் பெரும்பாலான ஃப்ளூ தடுப்பூசி இன்றும் கோழி முட்டைக்குள் கிருமியை வளர்த்துத்தான் தயாரிக்கப்படுகிறது. புதிய கிருமி ஒன்று தோன்றினால், அதற்கேற்ற தடுப்பூசி மக்கள் கைக்கு வர ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். நோய் அதுவரை காத்திருக்காது. எனவே முதல் சில மாதங்கள் பற்றாக்குறை இருந்தே தீரும்.

சில நேரம் வேறு காரணத்தாலும் தட்டுப்பாடு வரும். 2004 அக்டோபர் 5ஆம் நாள், இங்கிலாந்தின் லிவர்பூலில் இருந்த தடுப்பூசி ஆலை ஒன்றின் உரிமத்தை, கிருமிக் கலப்பு காரணமாக அந்நாட்டு அதிகாரிகள் நிறுத்திவைத்தனர். ஏறத்தாழ 10 கோடி டோஸ்களை எதிர்பார்த்திருந்த அமெரிக்கா, ஒரே நாளில் அதில் கிட்டத்தட்டப் பாதியை இழந்தது. அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் அன்றே ஒரு பட்டியலை வெளியிட்டது: 65 வயதைக் கடந்தவர்கள், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள், நாள்பட்ட நோயுள்ளவர்கள், கர்ப்பிணிகள், நோயாளர்களைத் தொட்டுப் பராமரிக்கும் பணியாளர்கள் ஆகியோருக்கு முதலிடம். நல்ல உடல்நலம் உள்ளவர்கள் இந்த ஆண்டு விலகி நில்லுங்கள் என்று கேட்டுக்கொண்டது. பலர் அவ்வாறே விலகி நின்றனர். குடியரசுத் தலைவர் புஷ் தாமும் அந்த ஆண்டு ஊசி போட்டுக்கொள்ளப் போவதில்லை என்று அறிவித்தார்.

இத்தகைய பட்டியலைப் பார்க்கும்போது சிலருக்கு வருத்தம் வரும். செவிலியரின் உயிர் கொத்தனாரின் உயிரைவிட மேலானதா? அப்படியல்ல. செவிலியர் படுத்துவிட்டால், அந்தக் கொத்தனார் காய்ச்சலோடு வரும்போது அவரைப் பார்க்க ஒருவரும் இருக்க மாட்டார். அவருக்குப் போடும் ஊசி, அவரிடம் வரப்போகும் நோயாளருக்காகவும் போடப்படுகிறது. ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு ஃப்ளூ தடுப்பூசி போட முடியாது. அதனால் அக்குழந்தையைத் தூக்கி வளர்க்கிறவர்களுக்குப் போடுகிறார்கள். கர்ப்பிணித் தாய்க்குப் போட்டால் தாயும் காக்கப்படுகிறார். அவர் வழியாகப் பிறக்கும் குழந்தைக்கும் பாதுகாப்பு கிடைக்கிறது. பட்டியல் சொல்வது யார் பெரியவர் என்பதை அன்று. யாருக்கு ஆபத்து அதிகம், யார் வழியாகப் பிறர் காப்பாற்றப்படுவர் என்பதையே அது சொல்கிறது.

இதற்கு நல்ல சான்று, பட்டியல் நோய்க்கேற்ப மாறுவதுதான். 2009ஆம் ஆண்டு பன்றிக்காய்ச்சல் என்று நாம் அழைத்த புதிய ஃப்ளூ வந்தபோது, 65 வயதைக் கடந்தவர்கள் பட்டியலின் பின்னால் வைக்கப்பட்டனர். முதியோரை மதிக்காததால் அல்ல. அவர்களுள் பலர் தங்கள் சிறுவயதில் அதையொத்த கிருமியைச் சந்தித்திருந்ததால் ஓரளவு எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்தனர். அமெரிக்காவில் அந்த நோயால் இறந்தவர்களில் மிகப் பெரும்பான்மையோர் 65 வயதுக்குக் குறைந்தவர்கள். மக்கள்தொகையில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவராய் இருந்த கர்ப்பிணிகள், இறந்தவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐவராய் இருந்தனர். ஆகவே அவர்கள் முன்னுக்கு வந்தனர்.

ஜப்பானின் அனுபவமும் சிந்திக்கத்தக்கது. அங்கே 1962 முதல் பள்ளிச் சிறுவர்களுக்கு ஃப்ளூ தடுப்பூசி போட்டு வந்தனர். 1994இல் அத்திட்டத்தை நிறுத்தினர். சிறுவர்களுக்குப் போட்ட ஆண்டுகளில் முதியோர் இறப்பு குறைந்திருந்தது என்றும், நிறுத்திய பின் கூடியது என்றும் 2001இல் வெளியான ஆய்வு காட்டியது. பேரனுக்குப் போட்ட ஊசி தாத்தாவைக் காத்திருக்கிறது. நாம் ஒரே உடலின் உறுப்புகள் என்று திருத்தூதர் பவுல் கற்பித்தது மருத்துவத்திலும் உண்மையாகிறது.

இனி, கடினமான பகுதிக்கு வருவோம். 2006இல் அமெரிக்க அறநெறி அறிஞர்கள் எமானுவேல், வெர்தைமர் ஆகிய இருவர், புகழ்பெற்ற அறிவியல் இதழொன்றில் ஒரு கருத்தை முன்வைத்தனர். எல்லா மனிதருக்கும் வாழ்க்கையின் எல்லாப் பருவங்களையும் கடந்துபோக வாய்ப்புக் கிடைக்க வேண்டும். முதியவர் அந்த வாய்ப்பைப் பெற்றுவிட்டார், இளையவர் இன்னும் பெறவில்லை. எனவே பெருங்கொள்ளைநோயில் மருந்து குறைவாயிருந்தால் இளையோருக்கு முன்னுரிமை தரலாம் என்றனர். இதை இரக்கமற்ற வாதம் என்று தள்ளிவிட வேண்டாம். வீட்டில் ஒரே ஒரு ஊசிதான் என்றால் நம் பாட்டிமார் என்ன செய்வார்கள்? எனக்கு வேண்டாம், பிள்ளைக்குப் போடு என்பார்கள். அறிஞர்கள் நூலில் எழுதியதைப் பாட்டி அடுப்படியில் நின்றே சொல்லிவிடுவார்.

ஆனால் இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாட்டி தம் பங்கைக் கொடுப்பது வேறு. பாட்டியிடமிருந்து நாம் எடுத்துக்கொள்வது வேறு. 1941இல் அவுஷ்விட்ஸ் முகாமில் புனித மாக்சிமிலியன் கோல்பே, குடும்பத்தகப்பன் ஒருவருக்குப் பதிலாகத் தாம் சாக முன்வந்தார். 1982இல் திருஅவை அவரைப் புனிதர் என்று அறிவித்தது. அவர் மனமுவந்து முன்வந்ததால்தான் அது அன்பாயிற்று. முகாம் அதிகாரி, குடும்பமில்லாத இந்தக் குரு சாகட்டும் என்று முடிவுசெய்திருந்தால் அது கொலையாக மட்டுமே இருந்திருக்கும். வயது முதிர்ந்தவர், படுத்த படுக்கையாயிருப்பவர், மனவளர்ச்சி குன்றியவர் ஆகியோருக்கு இனி எதற்கு மருந்து என்று மற்றவர்கள் கணக்குப் போடத் தொடங்கினால், மனித மாண்பின் அடித்தளமே ஆட்டம் காணும். கடவுளின் சாயல் வயதால் தேய்வதில்லை. நோயின் ஆபத்தைப் பார்த்து வரிசை வகுக்கலாம். வாழ்வின் மதிப்பைப் பார்த்து வரிசை வகுக்கக் கூடாது.

ஆபத்தில் இருவர் சமமாக இருந்தால் என்ன செய்வது? 2004இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்துச் சிறு நகரம் ஒன்றில், கையிலிருந்த சில நூறு டோஸ்களைக் குலுக்கல் முறையில் கொடுத்தார்கள். நமக்கு இது விளையாட்டாகத் தோன்றலாம். யூதாசின் இடத்திற்குத் திருத்தூதர்கள் மத்தியாவைத் தேர்ந்தெடுத்ததை நினைத்துப் பாருங்கள். முதலில் தகுதி என்னவென்று சொன்னார்கள், அத்தகுதி உடைய இருவரை நிறுத்தினார்கள், இறைவேண்டல் செய்தார்கள், அதன் பின்னரே சீட்டுக் குலுக்கினார்கள். தேவையில் சமமானவர்களுக்கு இடையே குலுக்கல் நேர்மையான வழி. சீட்டுக்குச் சொந்தக்காரர் கிடையாது, சிபாரிசும் தெரியாது.

சிபாரிசு நுழையும் இடத்தில்தான் மக்களின் மனம் புண்படுகிறது. 2009 இலையுதிர் காலத்தில் நியூயார்க்கில் மருத்துவமனைகளுக்கே தடுப்பூசி போதாதபோது, பெரிய நிதி நிறுவனங்கள் சிலவற்றின் அலுவலக மருத்துவமனைகளுக்கும் அது ஒதுக்கப்பட்டது. முறைப்படிதான் பெற்றோம், ஆபத்து அதிகமுள்ள ஊழியருக்கே போடுகிறோம் என்று விளக்கம் சொல்லப்பட்டது. இருப்பினும் மக்கள் கொதித்தெழுந்தனர். வரிசையில் நிற்கும் ஏழைத் தாய் காண்பது விதிமுறையை அன்று. தமக்கு முன்னே இறங்கிவிட்ட ஒருவரைத்தான்.

நாடுகளுக்கிடையிலும் இதே கதைதான். 2009இல் தயாரிக்கப்படவிருந்த தடுப்பூசியில் பெரும்பகுதியைச் செல்வ நாடுகள் முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டு வாங்கிக்கொண்டன. பின்னர் உலக நலவாழ்வு அமைப்பின் வழியாக 77 நாடுகளுக்கு ஏறத்தாழ 7 கோடியே 80 இலட்சம் டோஸ்கள் நன்கொடையாகப் போயின. ஆனால் பல இடங்களில் நோயின் முதல் அலை கடந்த பிறகே அவை போய்ச் சேர்ந்தன. கோவிட் காலத்தில் நம் நாட்டில் 2021 மே மாதம் 18 வயது முதல் 44 வயது வரை உள்ளவர்கள் இணையத்தில் பதிவு செய்தால்தான் ஊசி என்ற நிலை இருந்தது. கைப்பேசியில் விரைவாகத் தட்டத் தெரிந்தவருக்கு இடம் கிடைத்தது. தெரியாதவர் குளத்தங்கரையிலேயே கிடந்தார். இந்தக் குறையை நம் உச்ச நீதிமன்றமும் சுட்டிக்காட்டியது.

அதே 2021 சனவரியில் வத்திக்கான் ஒரு சிறிய அடையாளத்தை நமக்குக் காட்டியது. தன் தடுப்பூசிப் பணி தொடங்கிய சில நாள்களிலேயே, உரோமை வீதிகளில் வாழும் வீடற்றோர் ஏறத்தாழ 25 பேரை ஆறாம் பவுல் அரங்கிற்கு அழைத்து ஊசி போட்டது. அவ்வாண்டு புனித வாரத்தில் 1,200 ஏழைகளுக்குப் போட ஏற்பாடு செய்தது. அதற்கு முந்தைய கிறிஸ்து பிறப்பு விழாவில், தடுப்பூசி எல்லாருக்கும், சிறப்பாக நலிந்தோருக்கு முதலில் கிடைக்க வேண்டும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் உலகைக் கேட்டிருந்தார். கேட்டதைத் தம் வீட்டில் செய்தும் காட்டினார்.

அன்பார்ந்தவர்களே, நம் பங்கில் நாம் என்ன செய்யலாம்? திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரம் வழிகாட்டுகிறது. அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்ற முறையீடு எழுந்தபோது, திருத்தூதர்கள் முறையிட்டவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. நற்சான்று பெற்ற எழுவரைச் சீடர்களே தேர்ந்தெடுக்கச் சொல்லி, அப்பொறுப்பை அவர்களிடம் ஒப்படைத்தார்கள். நேர்மையாய்ப் பகிர்வதற்கு நல்ல மனம் மட்டும் போதாது, ஒழுங்கான ஏற்பாடும் வேண்டும் என்று தொடக்கத் திருஅவை அன்றே அறிந்திருந்தது.

எனவே ஒவ்வோர் அன்பியமும் நோய் வருமுன்பே ஒரு பட்டியல் எழுதி வைக்கட்டும். நம் தெருவில் தனியாய் வாழும் முதியவர் யார்? கர்ப்பிணி யார்? சர்க்கரை நோய், இதய நோய், ஆஸ்துமா உள்ளவர் யார்? கைப்பேசி இல்லாதவர் யார்? வெளியூரிலிருந்து வேலைக்கு வந்து, ஊரில் ஒருவரையும் தெரியாமல் இருப்பவர் யார்? கத்தோலிக்கர் மட்டும் என்று நிறுத்திவிட வேண்டாம். அடுத்த வீட்டு இந்து அம்மாவும் எதிர் வீட்டு இஸ்லாமியப் பெரியவரும் அந்தப் பட்டியலில் இருக்கட்டும். இளையோர் இயக்கத்தினர் அவர்களுக்காகப் பதிவு செய்யலாம். வண்டி வைத்திருப்பவர்கள் சுகாதார நிலையத்திற்கு அழைத்துப் போகலாம். வின்சென்ட் தே பவுல் சபையினர், ஊசி போட்டு வந்த அன்று கூலியை இழந்த வீட்டிற்கு ஒருவேளை உணவு கொடுக்கலாம்.

நல்ல உடல்நலமும் செல்வாக்கும் உள்ளவர்களுக்கு இன்னொரு வேண்டுகோள். நம் முறை வரும்போது தவறாமல் போய் ஊசி போட்டுக்கொள்வோம், அதுவும் பிறரன்பே. நம் முறை வருமுன் பின்வாசல் வழியாகப் போக வாய்ப்புக் கிடைத்தால், வேண்டாம் என்று சொல்லும் துணிவை ஆண்டவரிடம் கேட்போம். தெரிந்த ஆளிடம் பேசத்தான் வேண்டுமென்றால், பேச ஆள் இல்லாதவருக்காகப் பேசுவோம்.

இறைவேண்டல் செய்வோம்: நோயாளரைத் தேடி வந்த ஆண்டவரே, மருந்து குறைந்த நாளில் எங்கள் அன்பு குறையாதிருக்கச் செய்தருளும். முடிவெடுப்போருக்கு நேர்மையையும், காத்திருப்போருக்குப் பொறுமையையும், தனித்துக் கிடப்போருக்கு எங்கள் கைகளையும் தாரும். ஆமென்.