விடை ஒத்துப்போனால் போதுமா?

ஜொகூர் பாருவில் பேரங்காடிக்குப் போனால் ரசீதின் கடைசி வரிகளைக் கவனியுங்கள். ரொக்கமாகக் கட்டும்போது 10 ரிங்கிட் 2 சென் என்றால் 10 ரிங்கிட். 10 ரிங்கிட் 3 சென் என்றால் 10 ரிங்கிட் 5 சென். 2008 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் முறை இது. தமிழ்ப்பள்ளியில் 'கிட்டிய மதிப்பு' என்று படித்தோமே, அதுதான்.

கணினியும் இதைச் செய்கிறது. தசம எண்களை அது 'மிதவைப் புள்ளி' முறையில் வைத்திருக்கும். 0.1 என்ற எண்ணைக்கூட இரும முறையில் துல்லியமாக எழுத முடியாது. எனவே கிட்டிய மதிப்பையே எடுக்கும். 1985-இல் வந்த ஐஇஇஇ 754 தரத்தின்படி, இந்த மதிப்பை எப்போதும் மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ எடுக்கும்படியும் அமைக்கலாம்.

இது சின்ன விஷயமா? கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தை 1982-இல் 1000 புள்ளிகளுடன் ஒரு குறியீட்டைத் தொடங்கியது. ஒவ்வொரு கணக்கிலும் மூன்று தசம இடங்களுக்கு அப்பால் இருந்ததை வெட்டிவிட்டார்கள். 1983 நவம்பரில் குறியீடு 524-க்கு இறங்கியிருந்தது. திருத்திக் கணக்கிட்டபோது 1098!

பல்கலைக்கழக இறுதியாண்டில் நானும் இரு தோழர்களும் ஜொகூர் ஆற்றின் நீர்மட்டத்தைக் கணிக்கும் சிறு நிரல் ஒன்றை எழுதினோம். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கியை மூழ்கடித்த வெள்ளத்தைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். கணினியின் பிழை எவ்வளவு என்று அறிய, நிரலை ஒருமுறை மேல்நோக்கியும் ஒருமுறை கீழ்நோக்கியும் ஓட்டினோம். கடைசி இலக்கங்கள் வேறுபட்டன. அந்த இடைவெளிதான் பிழையின் மதிப்பீடு.

பிறகு வேகத்துக்காக ஆற்றை நான்கு பகுதிகளாக்கி, பகுதிக்கு ஓர் 'இழை' என்று வேலையைப் பிரித்தோம். இழை என்பது நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலைத்தொடர். இம்முறை இரு விடைகளும் கடைசி இலக்கம்வரை ஒன்றாகவே வந்தன! நாங்கள் துள்ளிக் குதித்தோம். எங்கள் வகுப்புத் தோழி மட்டும், "இவ்வளவு சுத்தமா வருதே, அதான் எனக்குச் சந்தேகமா இருக்கு" என்றாள்.

அவள் சொன்னது சரி. இந்த அமைப்பு கணினி முழுமைக்கும் பொதுவானதல்ல. ஒவ்வோர் இழைக்கும் தனித்தனி. இயங்குதளம் ஓர் இழையை நிறுத்தி இன்னொன்றை ஓட்டும்போது அதனதன் அமைப்பையே மீட்டுத் தரும். லினக்ஸில் புதிய இழை, தன்னை உருவாக்கிய இழையின் அமைப்போடு பிறக்கும். நாங்களோ நான்கு இழைகளையும் உருவாக்கிய பிறகுதான் முதன்மை இழையில் அமைப்பை மாற்றியிருந்தோம். நிர்வாகி தன் அறையில் புது விதியை ஒட்டிவிட்டு, நான்கு கவுண்டர்களுக்கும் சொல்லாமல் விட்ட கதைதான்.

ஒவ்வோர் இழையும் வேலையைத் தொடங்கும்போது அமைப்பை மாற்றி, முடிந்ததும் பழையபடி வைக்குமாறு திருத்தினோம். இடைவெளி மீண்டும் தெரிந்தது.

தரவு மையங்கள் பெருகிவரும் ஜொகூரில், நாளை உங்களில் பலர் பல செயலிகளில் ஓடும் நிரல்களை எழுதுவீர்கள். விடை ஒத்துப்போனதும் கைதட்டிவிடாதீர்கள். ஏன் ஒத்துப்போனது என்று ஒவ்வோர் இழையிடமும் கேளுங்கள்.