ஞாயிறு மடலின் கடைசிப் பக்கம்

மும்பையில் தமிழ்த் திருப்பலி நடக்கும் ஆலயங்களில், பூசை முடிந்து மக்கள் வெளியே வரும் வேளையில் வாசல் மேசையைக் கவனித்தால் ஒன்று தெரியும். நான்கு பக்கத் தாள் ஒன்று அங்கே அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். அதுதான் பங்கு மடல். முதல் பக்கத்தில் பங்குத்தந்தையின் கடிதம். உள்ளே வழிபாட்டு நேரங்கள், பூசைக் கருத்துகள், திருமண ஓலைகள், காணிக்கைக் கணக்கு. ஆனால் தாளை வாங்கியவர்களில் பலர், நின்ற இடத்திலேயே அதைத் திருப்பிக் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

அந்தப் பக்கத்தை எழுதுபவர் சாமியார் அல்ல. அவர் ரயில்வேயில் எழுத்தராக இருப்பார். வங்கியில் காசாளராக இருப்பார். ஆஸ்பத்திரியில் இரவுப் பணி பார்க்கும் நர்ஸாகவும் இருக்கலாம். ஊதியம் கிடையாது. பெரும்பாலும் பெயர்கூடப் போடுவதில்லை. வாரந்தோறும் நாற்பது வரி எழுதித் தரவேண்டும் என்பது மட்டும் ஒப்பந்தம். அதுவும் வாய்மொழி ஒப்பந்தம்தான்.

நாற்பது வரிதானே என்று நினைப்பவர்கள், நான்கு வாரம் எழுதிப் பார்க்க வேண்டும்.

இந்த வழக்கம் நம் நாட்டில் பிறந்ததல்ல. இங்கிலாந்தில் டெர்பி நகரத்து செயின்ட் மைக்கேல் ஆலயத்தில் குருவாக இருந்த ஜான் எர்ஸ்கின் கிளார்க் என்பவர், 1859 ஜனவரியில் ஒரு மாத இதழைத் தொடங்கினார். அதில் அவர் செய்த ஏற்பாடு சாமர்த்தியமானது. கதை, கட்டுரை, படம் எல்லாம் உள்ள நடுப்பக்கங்கள் ஓரிடத்தில் அச்சாகி நாடெங்கும் போகும். ஒவ்வொரு ஊர் ஆலயமும் தன் செய்திகளை வெளித்தாளில் அச்சிட்டு, அதற்குள் நடுப்பக்கங்களைச் சேர்த்துக்கொள்ளும். செலவு குறைந்தது, பல ஊர்களுக்கும் பரவியது. 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரின்போது, போர்முனையிலிருந்து வந்த கடிதங்களும், திரும்பி வராதவர்களின் பெயர்களும் இத்தகைய ஏடுகளில் அச்சாயின. இன்று ஊர் வரலாறு எழுதுபவர்கள் தூசு தட்டித் தேடுவது அந்த வெளித்தாளைத்தான். நடுப்பக்கத்துக் கதைகளை யார் தேடுகிறார்கள்?

தமிழுக்கும் இதில் ஒரு பழைய உறவு உண்டு. முத்துக்குளித்துறை மக்களுக்காக அண்ட்ரிக் அடிகளார் தமிழில் ஆக்கிய 'தம்பிரான் வணக்கம்' என்ற 16 பக்கச் சிறு நூல், 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்துகளால் அச்சாயிற்று. தூத்துக்குடிப் பக்கத்து மக்களுக்கான புத்தகம், இன்றைய கேரளத்தில் அச்சானது. வெளி மாநிலத்தில் தமிழ்த் தாள் போடுவது ஒன்றும் புதுமையல்ல!

வெள்ளிக்கிழமை இரவு

பழைய ஆட்களைக் கேட்டால் ஸ்டென்சில் காலத்தைப் பற்றிச் சொல்வார்கள். தமிழ்த் தட்டச்சு எல்லோரிடமும் கிடையாது. மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளை விரித்து, இரும்பு முனையுள்ள பேனாவால் கையாலேயே எழுதுவார்கள். பாட்டனார் பனையோலையில் எழுத்தாணி பிடித்தார். பேரன் மெழுகுத் தாளில் பிடித்தான். அழுத்தினால் 'ண'வின் சுழி அறுந்து ஓட்டையாகிவிடும். அழுத்தாவிட்டால் எழுத்தே விழாது. பிழை வந்தால் திருத்துமை தடவி, அது காயும் வரை ஊதிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு சைக்ளோஸ்டைல் இயந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றி, ஈரம் காயாத தாள்களைப் பரப்பி, மடித்து, எண்ணிக் கட்டவேண்டும். சட்டையில் மை படாமல் இந்த வேலையை முடித்தவர் யாரும் இல்லை.

இப்போது எல்லாம் கைப்பேசியிலும் கணினியிலும் நடக்கிறது. 2020-இல் ஊரடங்கின்போது ஆலயங்கள் பூட்டப்பட்டிருந்த மாதங்களில், பல இடங்களில் மடல் வாட்ஸ்அப் வழியாகவே போயிற்று. ஊருக்குத் திரும்பிவிட்டவர்களுக்கும் அது கிடைத்தது. வேலை சுலபமாகிவிட்டது உண்மை. ஆனால் வெள்ளிக்கிழமை இரவு மாறவில்லை. அலுவலகம் விட்டு, லோக்கல் ரயிலில் இடிபட்டு வீடு சேர ஒன்பது மணியாகும். சாப்பிட்ட பிறகுதான் பேனா. அந்நேரத்தில் என்ன எழுதுவது என்ற கேள்வி, பல்வலி போல வந்து நிற்கும்.

புதிதாக எழுத வருபவர்கள் பிரசங்கம் எழுதுகிறார்கள். அது தவறு என்றே சொல்ல வேண்டும். பிரசங்கத்தைப் பீடத்திலிருந்து ஏற்கெனவே கேட்டாகிவிட்டது. கடைசிப் பக்கத்துக்கு வேறு வேலை இருக்கிறது. அனுபவப்பட்டவர்களுக்கு அது தெரியும். ஓர் உதாரணம்: ரயில் முன்பதிவுக்கான காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டது. இதைச் செய்தித்தாளில் எல்லோரும் படித்தார்கள். ஆனால் கிறிஸ்துமஸுக்கு டிசம்பர் 22-ஆம் தேதி ரயிலேற வேண்டுமானால் அக்டோபர் 23-ஆம் தேதி காலையில் தயாராக இருக்கவேண்டும், வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு ஆகஸ்டு 28-இல் புறப்பட வேண்டுமானால் ஜூன் 29-ஐத் தவறவிடக் கூடாது என்று கணக்குப் போட்டுச் சொல்வது பங்கு மடல்தான். அந்த இரண்டு வரியைக் கத்தரித்து வீட்டுச் சுவரில் ஒட்டி வைப்பார்கள்.

பாதி உண்மையை எழுதினால் என்ன ஆகும் என்பதும் இங்கேதான் தெரியும். 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டம் 2022-க்குள் எல்லா மாநிலங்களுக்கும் வந்துவிட்டது. அதை வைத்து, 'ஊர்க் கார்டைக் காட்டி இங்கேயே அரிசி வாங்கலாம்' என்று ஒருவர் எழுதிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் கார்டுகளுக்குத்தான் அது பொருந்தும். தமிழ்நாட்டுக் கார்டு எல்லாமே அந்தச் சட்டத்தின் கீழ் வருபவை அல்ல. மடலை நம்பி ஒரு கட்டடத் தொழிலாளி கடை வாசலில் அரை நாள் நின்று, வெறும் பையோடு திரும்பினால், போனது அவருடைய அரை நாள் கூலி. பெரிய பத்திரிகையில் பிழை வந்தால் மறுநாள் திருத்தம் போடலாம். இங்கே எழுதியவரும் ஏமாந்தவரும் அடுத்த ஞாயிறு ஒரே பெஞ்சில் அல்லவா உட்கார வேண்டும்!

எந்த அந்தோணி?

கடைசிப் பக்கத்தைத் தயாரிப்பவரே உள்பக்கத்து ஓலைகளையும் எழுத்துக்கூட்டிச் சரிபார்ப்பது பல இடங்களில் வழக்கம். மடலிலேயே மிகவும் கனமான வரிகள் இவைதான் எனலாம்.

திருமணத்துக்கு முன் மணமக்களின் பெயரைச் சபையில் அறிவிக்கும் முறை பழையது. 1215-ஆம் ஆண்டு லாத்தரன் சங்கம் அதைப் பொது விதியாக்கியது. மூன்று திருநாள்களில் அறிவிக்க வேண்டும் என்று திரிதெந்தீன் சங்கம் 1563-இல் வகுத்தது. நம்மவர்கள் அதை 'முதல் ஓலை, இரண்டாம் ஓலை, மூன்றாம் ஓலை' என்பார்கள். சொந்த ஊரில் இது ஒரு சடங்கு போலத் தோன்றலாம். அங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். வெளி மாநிலத்தில் அப்படியல்ல. பத்துப் பன்னிரண்டு ஆண்டு மும்பையில் வேலை பார்த்த பையன், ஊரில் பெண் பார்க்கிறான். அவன் இங்கே எப்படி வாழ்ந்தான், இங்கே அவனுக்கு ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கிறதா என்பது பெண் வீட்டாருக்கு எப்படித் தெரியும்? பக்கத்து அறைக்காரனுக்குத் தெரியும். கூட வேலை செய்தவனுக்குத் தெரியும். அவர்கள் ஞாயிறு பூசைக்கு வராமல் இருக்கலாம். ஆனால் மடல் அவர்கள் கைக்குப் போகிறது. 'இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்க வேண்டும்' என்ற ஒரு வரிக்கு இங்கே இருக்கும் மதிப்பு அதுதான். ஊரில் இருக்கும் ஒரு பெண்ணின் வாழ்க்கை அதில் அடங்கியிருக்கிறது.

ஆகவேதான் பெயரில் பிழை வரக் கூடாது. அந்தோணி என்றால் எந்த அந்தோணி? ஒரே சாலில் மூன்று பேர் இருப்பார்கள். சவேரியாருக்கும் ஆரோக்கியசாமிக்கும் இதே கதைதான். தகப்பனார் பெயர், ஊர், ஊரிலும் எந்த வட்டம் என்பது வரை வேண்டும். தமிழ்நாட்டில் எத்தனை புதூர்கள்! இனிஷியலில் ஓர் எழுத்து மாறினால் குற்றமற்ற ஒருவன் தலையில் பழி விழும். தேர்ந்த தொண்டர்கள் இந்த நான்கு வரியை ஒருவர் வாசிக்க மற்றவர் பதிவேட்டைப் பார்த்துச் சரிசெய்கிறார்கள்.

மரணச் செய்தியும் இப்படியே. ரயிலில் ஒன்றரை நாள் தூரத்தில் உறவினர்கள். சில சமயம் உடலை ஊருக்குக் கொண்டுபோக வழியிருக்காது. எந்தக் கல்லறைத் தோட்டத்தில், எந்தத் தேதியில் அடக்கம் நடந்தது என்று மடலில் வரும் இரண்டு வரியை ஊருக்கு அனுப்பி வைக்கிறார்கள். தாயார் அதைப் பத்திரப்படுத்துகிறார்.

இத்தனைக்கும் மடலின் அடியில் 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்ற பொடி எழுத்து இருக்கும். பொதுச் செய்தி வெளியிடும் ஏடுகளின் பதிவுக்கு இருந்த 1867-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 2023-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தனிச்சுற்று என்று போட்டுவிட்டால் எதையும் எழுதலாம் என்று சிலர் எண்ணுகிறார்கள். அவதூறுக்கு அந்தப் பொடி எழுத்து கவசமாகாது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவு, சிறிய தாள் பெரிய தாள் என்று பார்ப்பதில்லை. சட்டத்தை விடுங்கள். 'சிலர் காணிக்கை பாக்கி வைத்திருக்கிறார்கள்' என்று பெயரில்லாமல் எழுதினாலும், அந்தச் சிலர் யார் என்று சால் முழுவதும் மாலைக்குள் தெரிந்துவிடும். அடுத்த வாரம் ஒரு குடும்பம் பூசைக்கு வராது.

பெயரில்லாமல் எழுதத் தகுந்தவையும் உண்டு. மாஹிம் புனித மைக்கேல் ஆலயத்தில் 1948 முதல் புதன்கிழமை நவநாள் நடக்கிறது. அங்கே மக்கள் எழுதித் தரும் நன்றிக் கடிதங்களைப் பெயர் சொல்லாமல் வாசிப்பார்கள். வேலை கிடைத்தது, நோய் தீர்ந்தது, குடிப்பழக்கம் விட்டது என்று வரும் அந்தச் சிறு கடிதங்களுக்குக் கூட்டம் காது கொடுப்பதைப் பார்த்தால், எழுதக் கற்றுக்கொள்ளலாம்.

இனி ஒரு சங்கடம் இருக்கிறது. இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் காதில் விழுந்தால் புரிகிறது. கண்ணால் படிக்க வரவில்லை. பள்ளியில் ஆங்கிலம், மராத்தி, இந்தி. ஆகவே மடலை ஆங்கிலத்தில் போட்டுவிடலாமே என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதலாம் என்பாரும் உண்டு. போட்டால் பிள்ளைகள் படிப்பார்கள். தாராவியில் தோல் வேலை செய்யும் பெரியவர் படிக்கமாட்டார். அவருக்கு வாரத்தில் கிடைக்கும் தமிழ் அச்சு இது ஒன்றாகவே இருக்கலாம். சில வீடுகளில் ஒரு வழி தானாகவே அமைந்திருக்கிறது. ஞாயிறு மதியம் ஆச்சி கடைசிப் பக்கத்தை உரக்க வாசிக்கிறார், பேத்தி கேட்கிறாள். இதை அறிந்த எழுத்தாளர்கள் வாக்கியத்தை வெட்டிச் சுருக்குகிறார்கள். மூச்சு வாங்காமல் ஆச்சியால் வாசிக்க முடிய வேண்டும் அல்லவா?

பத்தி நின்றுபோவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். எழுதுபவருக்கு இடமாற்றம் வருகிறது. அல்லது பணி ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விடுகிறார். ஒரே ஆள் பத்தாண்டு எழுதினால் பங்கு முழுவதும் பாராட்டும். அவர் போன மறுவாரம் அந்த இடத்தில் ஜெபம் ஒன்றை அச்சிட்டு நிரப்புவார்கள். இரண்டு மூன்று பேர் முறைவைத்து எழுதும் பங்குகளில் இந்த விபத்து நேர்வதில்லை. பிழை திருத்துவதற்கு ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். தமிழ் எழுத்து ஒவ்வொன்றாகத் தட்டுத் தடுமாறித்தான் அந்தப் பிள்ளை வாசிக்கும். வேகமாகப் படிப்பவர் கண்ணுக்குத் தப்பிய பிழை, அப்படி வாசிக்கும்போதுதான் அகப்படுகிறது.