உஷார்! ஓடைக் கல்லின் பழுப்பை நம்பிக் குடிக்காதீர்கள்

சீசன் வந்துவிட்டது. குன்னூர்ப் பக்கம் வண்டியை ஓரங்கட்டி, ஓடையில் இறங்கி, 'மலைத் தண்ணி, சுத்தமாத்தான் இருக்கும்' என்று இரு கையாலும் அள்ளிக் குடிக்கப் போகிறவர்களே, கொஞ்சம் நில்லுங்கள்!

காலடிக் கல் வழுக்குகிறதா? அந்தப் பழுப்பு வழவழப்பை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். விரலில் ஒட்டுவதில் பெரும்பகுதி டயாட்டம்: மணலில் உள்ள அதே சிலிகாவால் ஆன கண்ணாடி ஓட்டுக்குள் வாழும் ஒற்றைச் செல் பாசி. தலைப்பிரட்டைகளுக்கும் ஓடைப் பூச்சிகளின் குஞ்சுகளுக்கும் இதுதான் மேய்ச்சல்.

சிக்கலும் இங்கேதான். நல்ல ஓடையிலும் பழுப்பு, சாக்கடை கலந்த ஓடையிலும் பழுப்பு. உள்ளே குடியிருக்கும் ஆள் மாறிப்போனது கண்ணுக்குத் தெரியாது. டூத் பிரஷ்ஷால் கல்லைத் தேய்த்து, வந்த குழம்பை அமிலத்தில் சுத்தம்செய்து, ஆயிரம் மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால்தான் வேஷம் கலையும். நிட்சியா பாலியா என்ற இனம் மண்டிக் கிடந்தால், கழிவு கலந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். பாட்டிலில் பிடித்த தண்ணீர் அந்த நிமிஷத்தைத்தான் காட்டும். கல்லில் ஒட்டியதோ கடந்த சில வாரங்களுக்குச் சாட்சி. புனே அகர்கர் ஆய்வு நிறுவனத்தின் கார்த்திக் பாலசுப்ரமணியன் மேற்குத் தொடர்ச்சி மலை டயாட்டங்களை இப்படித்தான் இனம்பிரித்து வருகிறார்.

1820களில் ஜான் சலிவன் உருவாக்கிய ஊட்டி ஏரிக்குக் கோடப்பமந்து கால்வாய் சாக்கடையைக் கொண்டு வருகிறது என்பது ஊரறிந்த சங்கதி. தேயிலைத் தோட்டத்து உரம் மழையோடு இறங்கும் கதை தனி. நைட்ரஜனும் பாஸ்பரஸும் ஏற, சிலிகா அதே அளவில் நின்றால், டயாட்டம் பின்தங்கும். ஓடு தேவைப்படாத பாசிகள் முந்தும். மலையோடு முடிகிற விஷயமுமல்ல. குன்னூர் ஆறு மேட்டுப்பாளையம் பக்கம் பவானியில் சேர்கிறது, பவானி காவிரியில். காவிரியின் கிளையான கொள்ளிடத்தின் முகத்துவாரச் சேற்றில் மடவை மீன் மேய்வதும் இதே டயாட்டத்தைத்தான்.

எனவே, காய்ச்சாமல் குடிக்காதீர்கள், எவ்வளவு தெளிவாக இருந்தாலும். பச்சை முடி தொங்கும் கல், சாம்பல் பஞ்சு படிந்த கல், கரும்பச்சைத் தோல் உரியும் கல்: எதைக் கண்டாலும் கரையேறுங்கள். நாயையும் இழுத்துக்கொள்ளுங்கள். நியூசிலாந்தில் ஆற்றோரம் ஒதுங்கிய அந்தக் கரும்பச்சைப் பாசித் தோலைத் தின்று நாய்கள் செத்திருக்கின்றன.