அதிரசத்துக்கு எந்த வெல்லம்?

தீபாவளிக்கு இருபது நாள் இருக்கும்போதே நமது மண்டியில் வெல்லச் சிப்பங்கள் வந்து இறங்கத் தொடங்கிவிடும். சில்லறைக் கடைக்காரர்கள் சிப்பத்தைப் பிரித்து, ஓர் உருண்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி, "இதைவிட நல்ல நிறமா இல்லையா?" என்பதுதான். நாமும் அதே கேள்வியை ஆலைக்காரரிடம் கேட்டவர்களே. அதனால் பட்ட பாட்டை வணிக நண்பர்களுக்குச் சொல்லலாம் என்று எழுதுகிறோம்.

வேலூர், திருவண்ணாமலை வட்டாரத்தில் தீபாவளியை ஒட்டி வரும் கேதார கௌரி நோன்புக்கு அதிரசம் இல்லாமல் முடியாது. பல வீடுகளில் 21 அதிரசம் வைத்துப் படைப்பார்கள். முறுக்கும் தட்டையும் சற்றுத் தவறினால், உப்புக் கூடிற்று என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டுவிடலாம். அதிரசம் தவறினால் எண்ணெயில் கரைந்துபோகும், அல்லது கல்லாகிவிடும். படையலுக்கு வைத்திருந்த மாவு கெட்டுப்போனால் வீட்டுப் பெண்களுக்கு அது பலகார நஷ்டம் மட்டுமல்ல. நோன்புக்கு ஏதோ குறை வந்துவிட்டது என்று வருஷம் முழுக்க மனசில் வைத்திருப்பார்கள்.

அதிரசம் செய்வதைக் கூர்ந்து பார்த்தால் மளிகைக்காரனுக்கு நிறையப் பாடம் இருக்கிறது. மாவுப் பச்சரிசியை ஊறவைத்து, நீரை வடித்து, நிழலில் துணிமேல் உலர்த்துவார்கள். முழுக்கக் காயவிடக் கூடாது. கையில் பிடித்தால் ஈரம் தெரிய வேண்டும். அந்த ஈரத்தோடு இடித்தோ அரைத்தோ சலிப்பார்கள். ஒரு கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம் என்பது பல வீடுகளில் உள்ள கணக்கு. வெல்லத்தைக் கரைத்து, மண் போக வடிகட்டி, மறுபடி காய்ச்சுவார்கள். ஒரு சொட்டுப் பாகைத் தண்ணீரில் விட்டு விரலால் திரட்டினால் மெத்தென்று உருள வேண்டும். அதற்கு முன்னே இறக்கினால் மாவு இளகும். கொஞ்சம் தாண்டினாலும் இறுகும். ஏலக்காய், சுக்கு தட்டிப் போட்டு மாவைக் கொட்டிக் கிளறி, மேலே நெய் தடவி இரண்டு மூன்று நாள் மூடி வைப்பார்கள். பிறகுதான் தட்டிச் சுடுவது. இவ்வளவு வேலையில் அவர்கள் கைப்பக்குவம் பாதி, நாம் கொடுக்கும் சரக்கு பாதி.

2002ஆம் ஆண்டு தீபாவளி. சீனி விலை இறங்கிக் கிடந்த காலம் அது. ஓர் ஆலையிலிருந்து பொன்னிறத்தில் வெல்லம் வந்தது. முப்பது கிலோ சிப்பம், பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. விலை சற்று அதிகம் என்றாலும் தயங்காமல் எடுத்தோம். மூன்றே நாளில் கடைகளுக்கெல்லாம் போய்விட்டது. பழைய கறுப்பு வெல்லம் மட்டும் கிடங்கின் மூலையில் கேட்பாரின்றிக் கிடந்தது.

நோன்புக்கு இரண்டு நாள் முன்பு ஒரு சில்லறைக் கடைத் தம்பி எவர்சில்வர் சம்படத்தோடு வந்து நின்றார். "அண்ணாச்சி, இதைக் கொஞ்சம் பாருங்க. அந்தம்மா கடையில எல்லார் முன்னாடியும் வச்சுட்டுப் போயிட்டாங்க" என்றார். உள்ளே அதிரச மாவு. விரலால் அழுத்தினால் நறநறவென்று மணல்போல் உதிர்ந்தது. நமக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்த் தாயாரிடம் காட்டினோம். ஒரு சிட்டிகை வாயில் போட்டுவிட்டு, "இது வெல்லமில்லப்பா, சீனி. பாகு பூத்துப் போச்சு" என்றார். சுடுபால் தெளித்துப் பிசைந்து பார்த்தார். உருண்டது. ஆனால் எண்ணெயில் போட்டதும் ஓரமெல்லாம் விரிந்து பிரிந்தது.

அன்று மாலையே மூலையில் கிடந்த கறுப்பு வெல்லத்தில் ஐந்து கிலோ எடுத்து, அந்தத் தம்பியோடு அந்த அம்மா வீட்டுக்குப் போனோம். வாங்கிக்கொண்டார். ஒரு நாள் மட்டும் புளித்த மாவில் படையலுக்கு மட்டும் சுட்டதாகப் பிறகு கேள்விப்பட்டோம். ஆனால் அடுத்த மாதம் முதல் அவர் வீட்டு மளிகைச் சீட்டு அந்தக் கடைக்கு வரவில்லை. பதினைந்து வருஷ வாடிக்கை. அவர் மருமகளும் வேறு கடைக்கே போகிறார். தவறு அந்தத் தம்பியுடையது அல்ல, நம்முடையது. கடைகளிலிருந்து 22 சிப்பம் திரும்ப எடுத்தோம். ஆலைக்காரரைக் கேட்டபோது அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "நீங்க நிறம் கேட்டீங்க, நிறம் கொடுத்தோம்."

பிறகுதான் விவரம் விசாரித்தோம். கரும்புச் சாற்றில் சீனியோடு குளுக்கோசும் பிரக்டோசும் ஓரளவு உண்டு. அவை இருப்பதால்தான் வெல்லப் பாகு இழுபடுகிறது, மாவு நாள்கணக்கில் மெத்தென்று இருக்கிறது. ஆலையில் சீனியை அள்ளிக் கொட்டினால் அந்தப் பங்கு குறைந்து, ஆறியதும் பாகு கட்டி கட்டியாகப் பூத்துவிடும். பொன்னிறத்துக்கு வேறு, சோடியம் ஹைட்ரோசல்பைட் போடுகிறார்கள். ஆலைகளில் 'ஹைட்ராஸ்' என்பார்கள். வெல்லத்தில் சல்பர் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 70 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். மாதிரி எடுக்க வந்தால் நிற்கப்போவது ஆலைக்காரர் மட்டுமல்ல, நாமும்தான். வேடிக்கை என்னவென்றால், அப்படி வெளுத்த வெல்லம் கிடங்கில் நாளாக ஆகக் கறுத்தும் போகும். கூடுதல் விலை கொடுத்து வாங்கிய நிறமும் நிற்காது.

நமது மண்டியில் அன்றிலிருந்து பாகு வெல்லம் தனி அடுக்கு. ஒவ்வொரு வரத்திலும் ஓர் உருண்டையை வீட்டுக்கு அனுப்பிப் பாகு காய்ச்சிப் பார்த்த பிறகே மற்றதை இறக்குகிறோம். உடைத்தால் உள்ளேயும் ஒரே பழுப்பாக இருக்க வேண்டும். நாக்கில் உப்புக் கரித்தால் எடுப்பதில்லை. ஐப்பசி மழையில் வெல்லம் வியர்க்கும் என்பது தெரிந்ததே. பலகை போட்டு அடுக்கினால் போதும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். சோப்பு, ஊதுபத்தி மூட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்தால் அந்த வாடையையும் அது இழுத்துக்கொள்ளும்.

சில்லறைக் கடை நண்பர்களிடம் நாம் கேட்பது, வெல்லம் கேட்பவர்களிடம் "எதுக்கும்மா?" என்று ஒரு வார்த்தை விசாரிக்க வேண்டும் என்பதே. பாயசத்துக்கா, பொங்கலுக்கா, அதிரசத்துக்கா? அதிரசத்துக்கு என்று சொல்லி, கூடவே அரிசி மாவு பாக்கெட்டும் கேட்டால் தடுத்துச் சொல்லுங்கள். பாக்கெட் மாவு காய்ந்த மாவு. பாகு அதில் சேராது. பாக்கெட்டில் வரும் லாபம் போகட்டும், மாவுப் பச்சரிசியைக் கொடுங்கள். வெல்லத்தை உதிரியாக வைத்து, ஒரு துண்டு உடைத்து வாயில் போட்டுப் பார்க்கவும் சொல்லுங்கள். பொட்டலம் கட்டி லேபிள் ஒட்டிய வெல்லத்துக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதம் வரி வந்தது. உதிரிக்கு அந்தத் தொல்லையும் இல்லை.

இப்போது யார் வீட்டில் செய்கிறார்கள், எல்லாம் ஸ்வீட் ஸ்டாலில் ஆர்டர்தானே என்று சிலர் சொல்கிறார்கள். செய்கிறவர்கள் குறைந்திருப்பது உண்மைதான். ஆனால் ஆயத்த மாவு வாங்குகிறவர் ஒரு பாக்கெட்டோடு போய்விடுவார். வீட்டில் முதலிலிருந்து செய்கிறவர் அரிசி, வெல்லம், ஏலக்காய், சுக்கு, நெய், எண்ணெய் வாங்கி, முறுக்குக்கு உளுந்தும் எள்ளும் ஓமமும் வாங்கி, திரிநூல், கற்பூரம்வரை எழுதிக் கொண்டுவருவார். இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அந்தச் சம்படத்தோடு வந்த தம்பி இன்றும் கடை நடத்துகிறார். தீபாவளி நேரத்தில் அவர் கடையில் இரண்டு டின் இருக்கும். ஒன்றில் 'அதிரசம்' என்று சாக்பீஸால் எழுதி, அதற்குள் கறுப்பு வெல்லம். இந்த ஆண்டும் அவருக்கு ஆறு சிப்பம் சொல்லி வைத்திருக்கிறார். நிறம் எப்படி என்று கேட்கவில்லை.