கீபோட் ஒலி நிறைவாகக் கேட்பது எப்படி? ஒரு தாலாட்டில் நான் விட்ட பிழை

வீட்டில் ஒரு சின்ன அறை, ஒரு மடிக்கணினி, ஒரு மைக், ஒரு கீபோட். வன்னியில் இருந்துகொண்டு இவ்வளவோடுதான் நான் பாட்டுகளைப் பதிகிறேன். புதிதாக இசை செய்யத் தொடங்கும் பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்பது ஒரே கேள்விதான்: “அண்ணா, சினிமாப் பாட்டில சிந்தசைசர் நிறைவாக் கேக்குது. நாங்கள் வாசிச்சா மட்டும் ஏன் நுளம்பு கத்துற மாதிரி இருக்கு?”

இதற்கான விடையை ஒரு பெரிய பிழை விட்ட பிறகுதான் நான் சரியாக விளங்கிக்கொண்டேன்.

சில வருடங்களுக்கு முன், ஊரில் ஓர் அக்கா தன்னுடைய தாயின் தாலாட்டோடு வந்தார். தாய் காலமாகியிருந்தார். குடும்பத்தின் பழைய கசெற்றுகளும் படங்களும் இடப்பெயர்வில் போய்விட்டன. மிஞ்சியிருந்தது கைபேசியில் பதிந்த இரண்டு நிமிடக் குரல் மட்டும். முப்பத்தோராம் நாள் அதை ஒலிக்கவிட வேண்டும், பின்னால் மெல்லிய இசை சேர்த்துத் தாருங்கள் என்றார்.

நான் சிந்தசைசரில் நீண்டு ஒலிக்கும் சுரங்களை வாசித்தேன். மெலிந்து கேட்டது. அதே தடத்தைப் பிரதி எடுத்து, ஒன்றை இடப்பக்கமும், மற்றதை அலையைத் தலைகீழாக்கி வலப்பக்கமும் வைத்தேன். ஹெட்போனில் கோயில் மண்டபம் போல விரிந்தது. மகிழ்ச்சியோடு கொடுத்துவிட்டேன்.

அன்று பந்தலில் கட்டியிருந்த ஒலிபெருக்கியில் நான் வாசித்தது ஒன்றுமே கேட்கவில்லை. “தம்பி, அம்மான்ர குரல் மட்டும்தானே கேட்டது. நீங்கள் வாசிச்சது எங்க?” என்று அந்த அக்கா கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை.

காரணம் இதுதான். அந்த ஒலிபெருக்கி இடது, வலது இரண்டையும் ஒன்றாகக் கூட்டி மொனோவாக ஒலித்தது. ஒரு பக்க அலை மேலே போகும்போது மறுபக்க அலை அதே அளவு கீழே போனால் கூட்டுத்தொகை பூச்சியம். நான் வாசித்த இசை தன்னைத் தானே அழித்துக்கொண்டது.

மெலிவு எங்கே இருந்து வருகிறது?

சிந்தசைசரில் ஒலியைப் பிறப்பிக்கும் பகுதிக்கு ஒசிலேற்றர் என்று பெயர். ஒரே ஒசிலேற்றர் ஒரே அலையை அச்சுப் பிசகாமல் திரும்பத் திரும்பத் தருகிறது. எந்த மாற்றமும் இல்லாததால் காது விரைவில் சலித்துவிடுகிறது. அதே ஒலியை இன்னொரு முறை பிரதி எடுத்துச் சேர்த்தால் சத்தம்தான் கூடும். நிறைவு வராது.

கோயில் திருவிழாவில் இரண்டு நாதஸ்வரங்கள் சேர்ந்து வாசிப்பதைக் கேட்டிருப்பீர்கள். இருவரும் ஒரே சுரத்தைத்தான் வாசிக்கிறார்கள். ஆனால் இரண்டு மூச்சும் இரண்டு சீவாளியும் முழுக்க ஒன்றாக இருப்பதில்லை. அந்தச் சிறிய வித்தியாசம்தான் ஒலியைப் பெருக்கிக் காட்டுகிறது.

சிந்தசைசரில் இதற்கு டீட்யூன் என்று பெயர். ஒரு அரைச்சுரத்தை 100 சென்றாகப் பிரிப்பார்கள். ஒரு ஒசிலேற்றரை 4 சென்ற் மேலேயும், இன்னொன்றை 4 சென்ற் கீழேயும் நகர்த்துங்கள். 440 ஹேர்ட்ஸ் சுரத்தில் இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 2 ஹேர்ட்ஸ் வித்தியாசம் வரும். ஒலி செக்கனுக்கு இரண்டு தடவை மெதுவாக அசையும். இந்த அசைவு ஒலிக்குள்ளேயே இருப்பதால் மொனோவிலும் அழியாது.

றோலண்ட் நிறுவனம் 1990களில் வெளியிட்ட ஜேபி-8000 சிந்தசைசரில் இருந்த ‘சுப்பர் சோ’ ஒலி, ஏழு வாள்பல் அலைகளை இப்படிச் சிறிது சிறிதாக விலக்கி அடுக்கியதுதான். 1982இல் வந்த யூனோ-60இல் ஒரு சுரத்துக்கு ஒரு பிரதான ஒசிலேற்றர்தான் இருந்தது. அதன் கோரஸ் ஒலியைச் சிறிது தாமதித்து, அந்தத் தாமதத்தை மெல்ல மெல்ல மாற்றி அதே நிறைவைக் கொடுத்தது.

செய்து பார்க்க வேண்டியவை

வைற்றல், சேர்ஜ் எக்ஸ்ரி ஆகிய மென்பொருள் சிந்தசைசர்களை இலவசமாகப் பெறலாம். இரண்டிலும் கீழே உள்ள எல்லாவற்றையும் செய்யலாம்.

முதலில் டீட்யூனை அளவோடு வையுங்கள். கூடினால் சுருதி விலகியது போலக் கேட்கும்.  கீழ்ச்சுரங்களில் அசைவு மிக மெதுவாக வருவதால் பேஸ் ஒலி தோன்றித் தோன்றி மறையும். பேஸுக்கு ஒரே ஒசிலேற்றரை நடுவில் வைப்பதே பாதுகாப்பு.

இரண்டாவது, சுரங்களை நெருக்கமாகப் பிடிக்காதீர்கள். அடிச்சுரத்தைக் கீழே வைத்து, மற்றவற்றை ஒரு ஸ்தாயி மேலே விரித்து வாசித்தால் ஒலி தெளிவாக நிறையும்.

மூன்றாவது, கைபேசியின் சின்ன ஸ்பீக்கர் தாழ்ந்த பேஸை ஒலிக்காது. இலேசாக சற்றுரேஷன் சேர்த்தால் அந்த பேஸின் மேல்தொனிகள் பிறக்கும். அவற்றைக் கேட்டு, இல்லாத அடிச்சுரத்தை மூளையே நிரப்பிக்கொள்ளும்.

நான்காவது, இடம் விடுங்கள். குரலோடு சேரும் இசையில் ஏறக்குறைய 150 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். 300 ஹேர்ட்ஸ் பக்கம் சற்றுக் குறையுங்கள். 2,000 முதல் 4,000 ஹேர்ட்ஸ் வரை குரலுக்குரிய இடம். சொற்களின் மெய்யெழுத்துகள் விளங்குவது பெரும்பாலும் அங்கேதான். எல்லாத் தடத்தையும் நிறைத்தால் எதுவுமே நிறைவாகக் கேட்காது.

கடைசியாக, மொனோவில் கேளுங்கள். மின்சாரம் இல்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ஒற்றை ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்டவர்கள் நாங்கள். இன்றும் எங்கள் சனம் அதிகம் கேட்பது கைபேசியிலும் பந்தல் ஒலிபெருக்கியிலும்தான். ஹெட்போனில் மட்டும் நன்றாக இருக்கும் இசை அவர்களைப் போய்ச் சேராது.

அந்தத் தாலாட்டை ஆண்டுத் திவசத்துக்கு மீண்டும் செய்து கொடுத்தேன். இரண்டு ஒசிலேற்றர், 4 சென்ற் விலகல், விரித்த சுரங்கள், அவ்வளவுதான். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளும் கைபேசியிலேயே கேட்டார்கள். தாயின் ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

திருத்திச் செய்ய முடிந்ததற்கு ஒரே காரணம், அந்த அக்கா மூலப் பதிவைப் பத்திரமாக வைத்திருந்ததுதான். உங்களிடமும் அப்படி ஒரு குரல் இருந்தால், இசை சேர்க்க முன்னர் அதை இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வையுங்கள். பிரதியில் மட்டும் வேலை செய்யுங்கள். இசையை எத்தனை தடவையும் திரும்ப வாசிக்கலாம். அந்தக் குரல் திரும்பப் பாடாது.