எண்ணிக்கையில் தொலைந்த பெயர்கள்

ஐ.நா. அமைதிப் படையில் வேறெந்த நாட்டையும் விட அதிக வீரர்களைப் பறிகொடுத்த நாடு இந்தியா. மரியாதைக்குக் குறைவில்லை. நீதிதான் வந்து சேரவில்லை.

முட்டை வடிவில் ஒரு படிகக் கண்ணாடி. அதில் இறந்தவரின் பெயரும் இறந்த தேதியும் பொறித்திருக்கும். ரிப்பன் கிடையாது, ஊக்கு கிடையாது. அணிந்துகொள்ள முடியாத பதக்கம். அணிய வேண்டியவர்தான் இல்லையே.

டாக் ஹாமர்ஷால்ட் பதக்கம் என்ற இதை 1997-ல் ஐ.நா. பாதுகாப்பு சபை ஏற்படுத்தியது. காங்கோ சண்டையை நிறுத்தப் பேசப் போன வழியில், 1961 செப்டம்பரில், விமானம் விழுந்து இறந்த பொதுச்செயலாளரின் பெயரைச் சூட்டினார்கள். அமைதிப் படையினர் தினமான மே 29-ஐ ஒட்டி நியூயார்க்கில் நடக்கும் சடங்கில் இறந்தவரின் நாட்டுத் தூதர் பதக்கத்தைப் பெற்றுக்கொள்வார். இந்தியத் தூதர்களுக்கு இது பழகிப்போன வேலை. 1948 முதல் உலகெங்கும் இறந்த அமைதிப் படையினர் 4,000-க்கும் அதிகம். அவர்களில் ஏறத்தாழ 180 பேர் இந்தியர்கள்.

பாதுகாப்பு சபையில் நிரந்தர இடம் கேட்கும்போதெல்லாம் தில்லி இந்த எண்ணிக்கையைத் தவறாமல் சொல்கிறது. பெயர்களைத்தான் யாரும் சொல்வதில்லை.

ஒரு பெயர் மட்டும் விதிவிலக்கு. 1961 டிசம்பர் 5. காங்கோவின் கடாங்கா மாகாணத்தில் எலிசபெத்வில் நகர். இன்று அதன் பெயர் லுபும்பாஷி. பிரிவினை கேட்ட கடாங்கா படையினர் விமான தளத்துக்குச் செல்லும் சாலையை மறித்திருந்தார்கள். கூர்க்கா ரைபிள்ஸைச் சேர்ந்த கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியாவிடம் இருந்தவர்கள் 16 பேர். எதிரே சுமார் 90 பேர், இரண்டு கவச வண்டிகளோடு. ராக்கெட் லாஞ்சரால் வண்டிகளைச் சிதறடித்துவிட்டு, துப்பாக்கிச் சனியன்களோடும் குக்ரி கத்திகளோடும் அவர்கள் பாய்ந்தார்கள். கழுத்தில் குண்டு பாய்ந்த பிறகும் சலாரியா நிற்கவில்லை. ரத்தம் வடிந்து மயங்கி விழுந்து இறந்தபோது அவருக்கு வயது 26. ஐ.நா. பணியில் பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே வீரர் அவர். பள்ளிப் பாடம் வரை போன பெயர்.

அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1994 ஆகஸ்ட் 22-ல் சோமாலியாவின் பைதோவா செல்லும் சாலையில் மறைந்திருந்து தாக்கியவர்களுக்கு ஏழு ஜவான்கள் பலி. ஒன்பது நாள் கழித்து, பைதோவாவில் ராக்கெட் குண்டுக்கு மூன்று ராணுவ டாக்டர்கள் பலி. வைத்தியம் பார்க்கப் போனவர்கள்! அன்று பத்திரிகைகளில் இரண்டு நாள் செய்தியாக இருந்தார்கள்.

ஐ.நா. பணிக்கு ராணுவத்தில் போட்டி உண்டு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. கூடுதல் படி கிடைக்கும். வெளிநாடு பார்க்கலாம். ஊரில் பாதியில் நிற்கும் வீட்டுக்குக் கூரை போடலாம். அதனால்தானோ என்னவோ, அங்கே நேரும் மரணத்தை எல்லையில் நேரும் மரணத்துக்குச் சமமாக நாம் நினைப்பதில்லை.

ஆனால் சாவு அங்கேயும் எந்தச் சலுகையும் தருவதில்லை. தெற்கு சூடானில் 2013 ஏப்ரல் 9-ல் குமுருக் அருகே வாகன அணி ஒன்று தாக்கப்பட்டது. காவலுக்குப் போன லெப்டினன்ட் கர்னல் மஹிபால் சிங்கும் நான்கு வீரர்களும் மாண்டார்கள். கூடவே ஏழு சிவிலியன்கள். அதே ஆண்டு டிசம்பர் 19-ல் அகோபோவில் நடந்தது இன்னும் கொடுமை. அந்தச் சின்ன ஐ.நா. முகாமில் டிங்கா இனத்தவர் முப்பதுக்கும் மேற்பட்டோர் அடைக்கலம் புகுந்திருந்தார்கள். அவர்களைத் தேடி சுமார் 2,000 ஆயுதபாணி இளைஞர்கள் வந்தார்கள். முகாமில் இருந்த இந்தியச் சிப்பாய்கள் ஏறத்தாழ 40 பேர். இருவர் கொல்லப்பட்டார்கள். அடைக்கலம் புகுந்தவர்களிலும் பலர் தப்பவில்லை. ஓடி வந்தவர்களை அந்த இருவரும் விட்டுக்கொடுத்திருக்கலாம். விட்டுக்கொடுக்கவில்லை.

மே 29-ல் தில்லியில் தேசியப் போர் நினைவுச் சின்னத்தில் பழைய சகாக்கள் மலர் வளையம் வைக்கிறார்கள். நியூயார்க்கில் ஐ.நா. தலைமையகத்தில் நினைவுச் சுவர் எழுப்ப இந்தியா கொண்டுவந்த தீர்மானத்துக்கு 2023 ஜூனில் பொதுச் சபை ஒருமனதாகச் சம்மதித்தது. சுமார் 190 நாடுகள் சேர்ந்து முன்மொழிந்தன. இறந்தவர்களின் பெயர்களைப் பொறிப்பது பற்றியும் அதில் பேச்சு உண்டு. பொறிக்கட்டும். எண்ணிக்கை பெயராக மாற அதுவாவது ஒரு வழி.

இன்னொரு தீர்மானமும் உண்டு. 2021 ஆகஸ்டில் பாதுகாப்பு சபைக்கு இந்தியா தலைமை வகித்தபோது நிறைவேறிய 2589-வது தீர்மானம். அமைதிப் படையினரைக் கொன்றவர்களைப் பிடித்து வழக்கு நடத்தும்படி அந்தந்த நாட்டு அரசுகளை அது கேட்கிறது. அதற்கும் எதிர்ப்பில்லை.

அடுத்த ஆண்டே அதற்குச் சோதனை வந்தது. 2022 ஜூலை 26, கிழக்குக் காங்கோவின் புடெம்போ. கலகக்காரர்களிடமிருந்து எங்களைக் காக்காத ஐ.நா.வே வெளியேறு என்று கொதித்த கூட்டம் முகாமுக்குள் புகுந்தது. எல்லைப் பாதுகாப்புப் படையின் தலைமைக் காவலர்கள் ஷிஷுபால் சிங், சன்வலா ராம் விஷ்ணோய் இருவரும் இறந்தார்கள். இரண்டு பேரும் ராஜஸ்தான்காரர்கள். அவர்களோடு மொராக்கோ வீரர் ஒருவரும். 2023 மே மாதம் இருவருக்கும் கண்ணாடிப் பதக்கம் வந்தது.

கூட்டத்தில் இருந்தவர்கள் காங்கோ போலீசின் கையிலிருந்து பிடுங்கிய துப்பாக்கிகளால் சுட்டார்கள் என்று ஐ.நா. சொன்னது. 2589-வது தீர்மானப்படி சுட்டவர்களைப் பிடிக்க வேண்டியதும் அதே போலீஸ்தான்.