கொள்கலனுக்குள் திறந்த கடைகள்

துறைமுகத்திலிருந்து வரும் கொள்கலனை டெமரேஜ் ஏறமுன் காலி செய்து திருப்பியனுப்பத்தான் நாம் அவசரப்படுவோம். நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் நகர வியாபாரிகளோ அதற்குள்ளேயே கடை திறந்தார்கள்.

2011 பெப்ரவரி 22 பூமியதிர்ச்சியில் அங்கு 185 பேர் மாண்டனர். நகர மையம் வேலியிட்டு மூடப்பட்டது. கட்டிடம் தப்பியவருக்கும் உள்ளே போக அனுமதி கிடைக்கவில்லை. புதிய கட்டிடம் எழும்ப ஆண்டுகள் செல்லும். அதற்குள் வாடிக்கையாளர் புறநகர்க் கடைகளுக்குப் பழகிவிட்டால்?

எட்டு மாதத்தில், ஒக்டோபர் 29இல், காஷெல் வீதியில் 'ரீ-ஸ்டார்ட்' கொள்கலன் கடைத்தொகுதி 27 கடைகளுடன் திறக்கப்பட்டது. கொள்கலனின் பலமெல்லாம் நான்கு மூலைத் தூண்களில் இருப்பதால் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கலாம். பக்கத் தகட்டை வெட்டிக் கண்ணாடி பதிக்கலாம். அதிகம் வெட்டினால் இரும்புச் சட்டம் கொடுக்கவேண்டும். பளிச்சென்ற வர்ணம் பூசினார்கள். நிவாரண நிதியமொன்று வட்டியில்லாக் கடன் கொடுத்தது.

என் கணக்கில் கெட்டித்தனம் வேறிடத்தில் இருக்கிறது. பக்கத்திலிருந்த பழைய பெரிய கடை பலன்டைன்ஸும் அதே நாளில் திறந்தது. அங்கு வந்தவர் சின்னக் கடைகளையும் எட்டிப் பார்த்தார். அந்தக் காணியில் கட்டிட வேலை தொடங்கவே, 2014இல் கொள்கலன்களைத் தூக்கிச் சற்றுத் தள்ளி வைத்தார்கள். 2018 தொடக்கத்தில்தான் தொகுதி மூடப்பட்டது.